தொண்ணூறு வீசைக் கல்

ரங்கூனின் பபேடான் பேட்டையில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ரெங்கசாமி ஒரு வீடியோ கொட்டகை வைத்திருந்தார். பெயர்ப்பலகை கிடையாது. நாற்பது குட்டை ஸ்டூல், ஒரு பெரிய டிவி, நர்கிஸ் புயல் பழைய கூரையைத் தூக்கிக்கொண்டு போன பிறகு போட்ட புதுத் தகரம், அவ்வளவுதான். டிவிக்கு வலப்பக்கம் ஒரு மரநாற்காலி இருக்கும். ஜனங்கள் வந்தது அந்த நாற்காலிக்காகத்தான் என்று சொன்னால் ரெங்கசாமிக்குக் கோபம் வரும். ஆனால் உண்மை அதுதான். அதில் உட்கார்ந்து படம் சொன்னவர் ஜைனப் அக்கா.

சீனா வழியாக லத்தா பேட்டையின் சீனர் கடைகளுக்கு வந்து சேரும் ஆங்கிலப் படங்களில், அடியில் எழுத்து ஓடினாலும் அது சீன எழுத்தாக இருக்கும். படத்தில் யார் யாரை ஏன் அடிக்கிறார்கள் என்று ஒருவருக்கும் புரியாது. ஜைனப் அக்கா ஒரு சின்ன மைக்கைப் பிடித்துக்கொண்டு, படம் ஓட ஓட பர்மிய மொழியில் சொல்லிக்கொண்டே வருவார். இடையிடையே, முன்வரிசையில் உட்காரும் துறைமுகத்துப் பெரியவர்களுக்காகத் தமிழில் ஒரு வரி. அழுகிற பெண்ணுக்கு ஒரு குரல், மிரட்டுகிறவனுக்கு ஒரு குரல் என்று நடிக்க மாட்டார். ஒரே குரல்தான். ஆனாலும் யார் பேசுகிறார்கள் என்று குழம்பவே குழம்பாது.

அவர் இந்த வேலைக்கு வந்ததே தற்செயல். எண்பத்தெட்டில் அவர் ரங்கூன் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் கடைசி வருடம். அந்த வருடம் மாணவர்கள் அரசாங்கத்தை எதிர்த்துக் கிளம்ப, பட்டாளம் பல்கலைக்கழகக் கதவை மூடிவிட்டது. பரீட்சை எழுதவே முடியவில்லை. மறுபடி திறந்தபோது அவருக்குக் கல்யாணமாகி இருந்தது. கணவர் கபீர் டிவி, ரேடியோ, டெக் ரிப்பேர் செய்கிறவர். தொண்ணூற்று மூன்றில் ஒரு நாள் ரெங்கசாமியின் டெக்கைச் சரிசெய்ய கபீர் போனபோது இவரும் கூடப் போயிருக்கிறார். சோதனைக்கு ஒரு படம் ஓடியிருக்கிறது. பக்கத்தில் இருந்த ஒரு பர்மியப் பெண்மணிக்கு இவர் காதோடு கதையைச் சொல்ல, பின்னால் இருந்த மூட்டைக்காரர் ஒருவர், "சத்தமாச் சொல்லுங்க சயாமா, எங்களுக்கும் கேக்கட்டும்" என்றாராம். சயாமா என்றால் டீச்சர். அன்றிலிருந்து பபேடானில் அவருக்கு அதுதான் பெயர். நான் மட்டும் அக்கா என்பேன்.

என் பெயர் சத்யபாமா. கொட்டகைகளில் போடும் படங்களைப் பார்த்து அனுமதி கொடுக்கிற ஓர் அலுவலகத்தில் அப்போது டைப்பிஸ்டாக இருந்தேன். எந்த அலுவலகம், எந்த மாடி என்பதெல்லாம் வேண்டாம். எங்கள் அதிகாரி ஊ சோ நைங் பட்டாளத்திலிருந்து வந்தவர். வெற்றிலையை ஒரு கன்னத்தில் அடக்கிக்கொண்டு, ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு படம் பார்ப்பார். பத்து நிமிஷம் பார்ப்பார், மிச்சத்தை ஓட்டிவிடுவார், முடிவைச் சொல்லிவிடுவார். முழுசாக ஒரு படத்தை அவர் பார்த்து நான் கண்டதில்லை.

2009 மார்ச்சில், தண்ணீர்த் திருவிழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ரெங்கசாமியின் கொட்டகையிலிருந்து ஒரு கட்டு டிஸ்க்குகளை எங்கள் ஆட்கள் அள்ளிக்கொண்டு வந்தார்கள். முப்பதில் இருபத்தொன்பது சண்டைப் படம், பேய்ப் படம். முப்பதாவதின் அட்டையில் சீன எழுத்து, நாலு வெள்ளைக்காரப் பிள்ளைகள், பின்னால் ஒரு பெரிய தேவாலயம். போட்டுப் பார்த்தால் ஒரே பேச்சு. ஆங்கிலம் தெரிந்த எங்கள் ஆள் மாண்டலேக்கு லீவில் போயிருந்தார்.

"அந்தக் கொட்டகையில படம் சொல்ற அம்மா ஒண்ணு இருக்காமே, அதைக் கூப்பிடுங்க" என்றார் ஊ சோ நைங்.

மறுநாள் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஜைனப் அக்கா வந்தார். கூடவே ரெங்கசாமியும் வந்து வாசலோடு நின்றுவிட்டார். வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது அவருக்கு. நான் கதவைத் திறந்தபோது அவர் தமிழில் கெஞ்சிக்கொண்டிருந்தது கேட்டது.

"சயாமா, ஒரு காதல் படம்னு சொல்லிருங்க. நாலு பேர்ல ஒரு பொண்ணு இருக்குதுல்ல? அது போதும். அதை வெச்சு ஏதாச்சும் ஒப்பேத்திருங்க."

"நீங்க வெளியில போய் டீ குடிங்க மாமா" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தார்.

நாற்பத்து மூன்று வயது அப்போது. தலையில் வெள்ளை முக்காடு, கன்னத்தில் தனாக்கா மரப்பட்டைப் பூச்சு, கையில் ஒரு குடை. அதிகாரியின் மேஜைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டோம். ஊ சோ நைங் ரிமோட்டை எடுத்தார்.

"படத்தைப் பார்த்திருக்கீங்களா?"

"போன வாரம் வீட்டுல பார்த்தேன் சயாஜி. ரெண்டு தடவை." சயாஜி என்றால் ஐயா மாதிரி, பெரியவர்களுக்கான மரியாதைச் சொல்.

"ஏன் ரெண்டு தடவை?"

"ஒரு தடவை பார்த்தப்ப நம்ப முடியல."

அதிகாரி அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் படத்தை ஓடவிட்டார். அக்கா சொல்லத் தொடங்கினார்.

இது நடந்த கதை. இங்கிலாந்துக்கு வடக்கே ஸ்காட்லாந்து என்று ஒரு நாடு. அவர்களுடைய ராஜாக்கள் பட்டம் கட்டிக்கொள்ள ஒரு கல் இருந்தது. வேலைப்பாடு எதுவும் கிடையாது. வெறும் மணற்கல். எழுநூறு வருஷத்துக்கு முன்னால் ஆங்கிலேய ராஜா படையெடுத்து வந்தார், நாட்டைப் பிடித்தார், அந்தக் கல்லையும் தூக்கிக்கொண்டு போனார். லண்டனில் பெரிய தேவாலயத்தில், தன்னுடைய சிம்மாசனத்துக்கு அடியில் ஒரு மரத்தட்டு செய்து அதில் வைத்துவிட்டார். அதற்குப் பிறகு இங்கிலாந்தில் யார் பட்டத்துக்கு வந்தாலும் அந்தக் கல்லின்மேல்தான் உட்காருவார்கள்.

"அடியிலயா வெச்சாங்க?" என்றார் அதிகாரி. "உக்கார்ற இடத்துக்கு அடியில?"

"ஆமா சயாஜி. ஒவ்வொரு தடவையும் அது மேலதான் உக்கார்றாங்க."

ஊ சோ நைங் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "நம்ம ராஜாவோட சிங்க ஆசனத்தையும் அவங்கதானே கல்கத்தாவுக்குக் கொண்டு போனாங்க" என்று பொதுவாகச் சொன்னார். பத்து நிமிஷம் தாண்டிவிட்டதை நான் கடிகாரத்தில் கவனித்தேன். அவர் ஓட்டவில்லை.

1950ஆம் வருஷம். இந்தக் கல்லைத் திருப்பி எடுத்துவருவது என்று நாலு பேர் முடிவு செய்கிறார்கள். படத்தில் அந்த நாலு பேரும் பல்கலைக்கழகத்தில் நடந்துபோகிறார்கள். அக்கா சொன்னார்: "நாலு பேரும் மாணவர்கள்."

அந்த வருஷங்களில் பர்மிய மொழியில் அந்த ஒரு சொல்லை ஓர் அரசாங்க அலுவலகத்துக்குள் உரக்கச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் எண்பத்தெட்டும் கூடவே ஞாபகம் வரும். என் விரல் டைப்ரைட்டரின் மேல் அப்படியே நின்றது. அதிகாரி திரும்பிப் பார்த்தார். அக்கா அவரைப் பார்க்கவில்லை, திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரியும் மெல்லத் திரைக்கே திரும்பிவிட்டார்.

அதற்குப் பிறகு கதை ஓடிய வேகத்தில் எனக்கு வேலை மறந்துபோனது. அவர்களிடம் ஆயுதம் கிடையாது, ஆள்பலம் கிடையாது. இரண்டு பழைய கார், ஓர் இரும்புக் கம்பி. கிறிஸ்துமஸ் சமயம், குளிர் எலும்பைக் குடைகிறது. ஒருவன் தேவாலயம் மூடும் நேரத்தில் உள்ளேயே ஒளிந்துகொள்கிறான். காவல்காரர் கண்டுபிடித்துவிடுகிறார். பிடித்துக் கொடுப்பார் என்று நாங்கள் நினைத்தால், வீடு வாசல் இல்லாத ஏழைப் பையன், குளிருக்கு ஒதுங்கியிருக்கிறான் என்று நினைத்து இரக்கப்பட்டு வெளியே அனுப்புகிறார்.

"அவ்வளவுதானா? திரும்பிப் போயிட்டாங்களா?" பக்கத்து அறை குமாஸ்தா ஒருவர் கேட்டார். அவர் எப்போது உள்ளே வந்தார் என்றே தெரியவில்லை. அவருக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர், பியூன் கோ தூன் உட்பட. அதிகாரி அவர்களை விரட்டவில்லை.

"போகல" என்றார் அக்கா. "ரெண்டு நாள்ல மறுபடியும் வந்தாங்க."

பக்கவாட்டுக் கதவைக் கம்பியால் நெம்பித் திறந்து மூன்று பையன்கள் உள்ளே போகிறார்கள். பெண் வெளியே காரில் காத்திருக்கிறாள். சிம்மாசனத்துக்கு அடியிலிருந்து கல்லை இழுக்கிறார்கள்.

"எவ்வளவு கனம் இருக்கும்?" என்றார் அதிகாரி.

அக்கா நூற்றைம்பது கிலோவை மனசுக்குள் வீசைக் கணக்காக மாற்றினார். "தொண்ணூறு வீசைக்கு மேல வரும் சயாஜி."

"மூணு பேர் தூக்க முடியாது" என்றார் கோ தூன். அவர் முன்பு துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். "பிடிக்க இடமும் இல்ல பாருங்க. வழுக்கிரும்."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, கல் கீழே விழுந்தது. விழுந்து இரண்டாக உடைந்தது.

எங்கள் அறையில் ஏழு பேர் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்த சத்தம் எனக்கு இப்போதும் காதில் இருக்கிறது. அறுநூற்றைம்பது வருஷம் உடையாமல் இருந்தது, மீட்க வந்தவர்கள் கையிலேயே உடைந்துவிட்டது. அந்தப் பையனின் முகத்தைத் திரையில் காட்டினார்கள். அக்கா அந்த இடத்தில் ஒன்றுமே சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை.

ஓவர்கோட்டைக் கழற்றித் தரையில் விரித்து, பெரிய துண்டை அதன்மேல் புரட்டி, இழுக்கத் தொடங்குகிறார்கள். சின்னத் துண்டை ஒருவன் குழந்தையைத் தூக்குவதுபோல நெஞ்சோடு அணைத்துத் தூக்கி ஓடுகிறான். காரில் வைக்கிறான். அப்போது தெருமுனையில் ஒரு போலீஸ்காரர் வருகிறார். பையனும் பெண்ணும் காருக்குள் சட்டென்று ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். போலீஸ்காரர் ஜன்னல் பக்கம் குனிகிறார்.

மின்சாரம் போய்விட்டது.

"ஐயோ!" என்று கத்தியது எங்கள் அதிகாரிதான். நாங்கள் யாரும் இல்லை.

கீழே ஜெனரேட்டர் இருந்தது, டீசல் இல்லை. கோ தூன் போய்ப் பார்த்துவிட்டு வந்து கையை விரித்தார். ஜன்னல்களை முழுக்கத் திறந்தோம். வெளியே மார்ச் மாதத்து வெயில். ஊ சோ நைங் ரிமோட்டை மேஜையில் வைத்துவிட்டு நாற்காலியை அக்கா பக்கம் திருப்பிப் போட்டார்.

"நீங்கதான் ரெண்டு தடவை பார்த்திருக்கீங்களே. மிச்சத்தைச் சொல்லுங்க."

நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கிற சாக்கில் அக்காவிடம் குனிந்தேன். அந்த அறையில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

"அக்கா, கடைசி எனக்குத் தெரியாது. ஆனா எப்படி முடிஞ்சாலும் மாத்திச் சொல்லிருங்க. புடிச்சு ஜெயில்ல போட்டாங்க, அவங்களும் தப்ப உணர்ந்தாங்கன்னு முடிச்சிருங்க. படமும் பாஸாயிரும், நீங்களும் வீட்டுக்குப் போயிரலாம்."

அக்கா தண்ணீரை நிதானமாகக் குடித்தார். குடித்துவிட்டுத் தமிழில், வீட்டுப் பேச்சு பேசுகிற சாதாரணக் குரலில் சொன்னார்:

"அந்தப் புள்ளைங்க அவ்வளவு பாடுபட்டு அதை வெளிய கொண்டாந்திருக்குதுங்க தங்கச்சி. நான் இங்கன உக்காந்துக்கிட்டு, ஒரு வார்த்தையில அதைத் திருப்பிக் கொண்டுபோய் வெச்சிரவா?"

"என்ன பேசிக்கிறீங்க?" என்றார் அதிகாரி.

"இன்னும் தண்ணி வேணுமான்னு கேக்குது சயாஜி" என்றார் அக்கா. பிறகு சொல்லத் தொடங்கினார்.

படம் இல்லாமல் அவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் அதுவரை அவரை மொழிபெயர்ப்பவர் என்றுதான் நினைத்திருந்தேன். அந்த அரைமணி நேரத்தில் அது எவ்வளவு சின்ன நினைப்பு என்று தெரிந்தது. கையை அசைக்கவில்லை, குரலை உயர்த்தவில்லை. மடியில் குடை. கண் ஜன்னலுக்கு வெளியே. ஆனால் அந்தப் போலீஸ்காரர் காரின்மேல் தொப்பியை வைத்துவிட்டு ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தபோது, எனக்கு அந்தப் புகை கண்ணில் பட்டது.

போலீஸ்காரர் அவர்களைக் காதலர்கள் என்று நினைத்துப் பேசிக்கொண்டு நிற்கிறார். பின்சீட்டில், ஒரு கோட்டுக்கு அடியில், கல்லின் துண்டு. உள்ளேயிருந்து பெரிய துண்டை இழுக்கிற சத்தம் லேசாகக் கேட்கிறது. பெண் இருமுகிறாள், சிரிக்கிறாள், ஏதேதோ பேசுகிறாள். போகச் சொல்லி அவர் கை காட்டுகிறார். அவள் காரைக் கிளப்புகிறாள். பையனைக் கொஞ்ச தூரத்தில் இறக்கிவிட்டுவிட்டு, அந்தப் பெண் தனியாக, தெரியாத ஊரில், விடிகிற நேரத்தில், ஒரு ராஜ்ஜியத்தின் கல்லை வைத்துக்கொண்டு போகிறாள்.

"தனியாவா?" என்றார் ஊ சோ நைங்.

"தனியா."

"வயசு என்ன இருக்கும்?"

"இருபது, இருபத்திரெண்டு இருக்கும் சயாஜி."

அதிகாரிக்கு ஒரு பெண் உண்டு, அதே வயது. கன்னத்தைத் தடவிக்கொண்டார்.

மற்றவர்கள் பெரிய துண்டை எடுத்துப்போய் ஒரு வயலில் மறைக்கிறார்கள். விடிந்ததும் ஊரெல்லாம் பரபரப்பு. நானூறு வருஷமாகத் திறந்தே கிடந்த எல்லையை அடைக்கிறார்கள். எல்லாக் காரையும் நிறுத்திச் சோதனை போடுகிறார்கள். ஸ்காட்லாந்தில் அந்தச் செய்தி போய்ச் சேர்ந்தபோது முன்பின் தெரியாதவர்கள் தெருவில் கைகுலுக்கிக்கொள்கிறார்கள். யார் எடுத்தது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் தாங்களே எடுத்ததுபோல நடக்கிறார்கள். பிள்ளைகள் மறுபடி போய், வயலில் கூடாரம் போட்டிருந்த நாடோடிகளிடம் பேசி, கல்லை எடுத்து, ஊர் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். ஒரு கல் கொத்தர் இரண்டு துண்டையும் சேர்த்து ஒட்டுகிறார். நாலு மாசம் கழித்து, அந்த நாட்டுச் சுதந்திர சாசனத்தை முன்னோர்கள் எழுதிக் கையெழுத்துப் போட்ட ஒரு பழைய இடிந்த தேவாலயத்தில், அந்தக் கல்லின்மேல் தங்கள் கொடியைப் போர்த்தி வைத்துவிட்டு, போலீசுக்குச் சொல்லி அனுப்புகிறார்கள்.

"ஏன் குடுக்கணும்?" என்றார் கோ தூன். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"ஒளிச்சு வெச்சிருந்தா அது திருட்டு. எல்லாரும் பார்க்க வெச்சாத்தான் அவங்க சொல்ல வந்தது சொன்ன மாதிரி ஆகும்" என்றார் அக்கா.

"சரி, தண்டனை?" என்றார் அதிகாரி.

வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"தண்டனை இல்ல சயாஜி. வழக்கே போடல. போட்டா தங்களுக்குத்தான் அவமானம்னு அரசாங்கம் விட்டுருச்சு. பிள்ளைங்க வீட்டுக்குப் போயிட்டாங்க."

ஊ சோ நைங் மேஜையில் இருந்த மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். துடைத்துவிட்டு மறுபடி துடைத்தார்.

"இப்ப அந்தக் கல்லு எங்க?"

"லண்டனுக்குக் கொண்டு போயிட்டாங்க. அப்புறம் தொண்ணூத்தாறுல அவங்களே ஸ்காட்லாந்துக்குத் திருப்பி அனுப்பிட்டாங்க."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ரேடியோவுல கேட்டேன்" என்று சொல்லிவிட்டார் அக்கா. சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது.

"எந்த ரேடியோ?"

எங்கள் நாட்டு ரேடியோவில் அப்படி ஒரு செய்தி வந்திருக்காது என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். வெளிநாட்டு ஸ்டேஷனில்தான் வரும் என்பதும் தெரியும். அதைக் கேட்டதற்காக உள்ளே போனவர்களும் உண்டு.

"எங்க வீட்டுக்காரர் ரிப்பேர் பண்றவர் சயாஜி. ரிப்பேருக்கு வர்ற ரேடியோ எல்லா ஸ்டேஷனும் எடுக்குதான்னு திருப்பிப் பார்க்கணும்ல? அப்படித் திருப்புறப்பக் காதுல விழுந்தது."

"செய்தி முழுசும் விழுந்துச்சா?"

"நல்ல ரேடியோ சயாஜி."

முதலில் சிரித்தது கோ தூன். பிறகு அதிகாரியின் தோள் குலுங்கியது.

ஒன்றரை மணிக்கு மின்சாரம் வந்தது. விட்ட இடத்திலிருந்து படத்தைப் போடச் சொன்னார். அக்கா பேச வாயெடுத்தபோது கையைக் காட்டி நிறுத்திவிட்டார். கடைசிவரை ஒரு வார்த்தை இல்லாமல் பார்த்தோம். ஒவ்வொன்றும் அக்கா சொன்னபடியே நடந்தது. சொல்லப்போனால், அந்தப் பெண் கார் ஓட்டிக்கொண்டு போகிற இடம் திரையில் சீக்கிரம் முடிந்துவிட்டதே என்று எனக்கு இருந்தது.

படம் முடிந்ததும் ஊ சோ நைங் சொன்னார்: "மீ இல்லாதப்ப நீங்க பொய் சொல்லியிருக்கலாம்." மீ என்றால் இங்கே மின்சாரம்.

"சொல்லியிருக்கலாம் சயாஜி."

"ஏன் சொல்லல?"

"மீ திரும்ப வருமே" என்றார் அக்கா.

அதிகாரி என் பக்கம் திரும்பி, "மா சத்யா, டைப் பண்ணு" என்றார். அறிக்கை நாலு வரிதான். "வெளிநாட்டுப் படம். நான்கு மாணவர்கள்..." என்று தொடங்கினார். நிறுத்தினார். "மாணவர்கள் வேண்டாம். நான்கு இளைஞர்கள்னு போடு. ஒரு கல்லைப் பற்றியது. பொதுமக்களுக்குக் காட்ட ஏற்றதல்ல." கையெழுத்துப் போட்டார். அபராதம் எதுவும் எழுதவில்லை. இருபத்தொன்பது டிஸ்க்கை அக்காவிடம் கொடுத்தார். முப்பதாவதைத் தன் மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினார்.

அக்கா கதவுவரை போனபோது, "அந்தப் பொண்ணு அப்புறம் என்ன ஆச்சு?" என்று அதிகாரி கேட்டார்.

"தெரியல சயாஜி. நானும் அதைத்தான் நினைச்சுக்கிட்டே இருக்கேன்."

சாயங்காலம் அலுவலகம் விட்டதும் நான் பஸ் ஏறாமல் நேராக அவர் வீட்டுக்குப் போனேன். கபீர் அண்ணன் ஒரு டிவியைத் திறந்துபோட்டு உட்கார்ந்திருந்தார். அக்கா டீ போட்டுக் கொடுத்தார்.

"உங்களுக்குப் பயமே இல்லியா அக்கா?"

"இருந்துச்சு. அதான் குடையை மடியில அமுக்கிப் பிடிச்சிருந்தேன்." கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "எண்பத்தெட்டுல எங்கிட்ட ஒரு கட்டு நோட்டீஸ் குடுத்தாங்க, சூலே பகோடாப் பக்கம் கொண்டுபோய்க் குடுக்கச் சொல்லி. குடுத்தது எங்கூடப் படிச்ச புள்ள, கின் மே லே. நான் பாதி வழியில பட்டாளத்து லாரியைப் பார்த்தேன். கட்டைச் சாக்கடையில போட்டுட்டு வீட்டுக்கு ஓடிவந்துட்டேன். வாப்பா கேட்டாக, மழையில நனைஞ்சுருச்சுன்னு சொன்னேன். கின் மே லே பட்டாளத்துக்குத் தப்பி எல்லைக்குப் போயிருச்சுன்னு கேள்விப்பட்டேன். அப்புறம் ஒண்ணும் தெரியல. அந்தக் கார் ஓட்டுன புள்ளயைப் பார்த்தப்ப, நான் படத்தை நிறுத்திட்டு எந்திரிச்சுப் போய் மூஞ்சியக் கழுவிட்டு வந்தேன் தங்கச்சி."

கபீர் அண்ணன் சால்டரிங் இரும்பைக் கையில் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தார். இருபது வருஷம் கூட வாழ்ந்தவர். அவருக்கே இது புதுசு என்று அந்த முகத்தில் தெரிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் ரெங்கசாமி கொட்டகையில் இருந்தேன். தன்லியின் என்ற அக்கரை ஊரிலிருந்து தொழிற்சாலை ஆட்கள் வாரலீவுக்கு ஆற்றைக் கடந்து வந்திருந்தார்கள். ஒரு ஹிந்திச் சண்டைப் படம். கால்வாசி ஓடியதும் மின்சாரம் போய்விட்டது. ஜனங்கள் முணுமுணுத்தார்கள். ரெங்கசாமி, "கொஞ்சம் பொறுங்க, வந்திரும், வந்திரும்" என்று கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஜைனப் அக்கா வேலை செய்யாத மைக்கைக் கீழே வைத்தார். எழுந்து நின்றார். பதினாறு வருஷத்தில் அவர் அந்த நாற்காலியிலிருந்து எழுந்து நின்று பேசி யாரும் பார்த்ததில்லை.

"இங்கிலாந்துக்கு வடக்கே ஒரு நாடு" என்று ஆரம்பித்தார். "அவங்ககிட்ட ஒரு கல் இருந்துச்சு."

ரெங்கசாமிக்கு இரண்டாவது வரியிலேயே புரிந்துவிட்டது. "சயாமா, வேணாம்" என்று தமிழில் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். அக்கா அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினார், நிறுத்தவில்லை. ரெங்கசாமி போய்த் தெருக்கதவைச் சாத்தினார். சாத்திவிட்டு அதன்மேலேயே சாய்ந்து நின்றுகொண்டார்.

"நாலு பேரும் மாணவர்கள்" என்று அக்கா சொன்னபோது கொட்டகையில் இருமல்கூட இல்லை. கல் உடைந்தபோது ஒரு பெரியவர் தலையில் கை வைத்துக்கொண்டார். போலீஸ்காரர் காரின் பக்கம் குனிந்தபோது மின்சாரம் வந்துவிட்டது. தலைக்கு மேல் மின்விசிறி சுழன்றது. டிவி உயிர்பெற்று, சண்டைப் படத்தின் கதாநாயகன் நாலு பேரைத் தூக்கி வீசினான். அக்கா பேச்சை நிறுத்தினார்.

"அணைங்க அதை!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். "அணைங்கய்யா!" என்று இன்னும் நாலு பேர். காசு கொடுத்துப் படம் பார்க்க வந்தவர்கள்.

ரெங்கசாமி கதவை விட்டு வந்து தானே டிவியை அணைத்தார். அணைத்துவிட்டு, ஒரு காலி ஸ்டூலைத் தேடி, முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டார்.

அக்கா கடைசிவரை சொன்னார். தண்டனை இல்லை என்பதையும் சொன்னார். முடிந்த பிறகு யாரும் கைதட்டவில்லை. தட்டக்கூடிய காரியமாக அது யாருக்கும் படவில்லை. ஒவ்வொருவராக எழுந்து, அவருக்கு முன்னால் கொஞ்சம் குனிந்து, இங்கே பெரியவர்களைக் கடக்கும்போது குனிவதுபோலக் குனிந்து, வெளியே போனார்கள். சாக்கடையில் நோட்டீசைப் போட்டுவிட்டு ஓடிய இருபத்திரெண்டு வயதுப் பெண்ணை நான் பார்த்ததில்லை. நான் பார்த்தது இந்தப் பெண்மணியை.

செவ்வாய்க்கிழமை ஊ சோ நைங் என்னைக் கூப்பிட்டார். தினசரியை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார்.

"பபேடான்ல ஒரு கொட்டகையில, மீ இல்லாதப்பக் கதை சொல்றாங்களாமே?"

"தெரியல சயாஜி."

அவர் ஒரு பக்கத்தைத் திருப்பினார். "புகார் வந்திருக்கு. படம் போட்டா அதுக்கு ஃபாரம் இருக்கு. கதை சொல்றதுக்கு நம்மகிட்ட என்ன ஃபாரம் இருக்கு?"

"எதுவும் இல்ல சயாஜி."

"அப்ப எதுல எழுதுறது?" என்றார். புகார்க் கடிதத்தை மடித்து டிராயரில் போட்டார்.

அந்த மழைக்காலம் முழுக்க, ஞாயிற்றுக்கிழமைகளில், மின்சாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், படம் முடிந்ததும் யாராவது ஒருவர் அந்தக் கல்லைக் கேட்பார்கள். அக்கா சொல்லுவார். பதினொரு தடவை நான் கேட்டேன். தன்லியின்காரர்கள் அதற்காகவே பஸ்ஸைத் தவறவிட்டார்கள். அடுத்த வருஷம் வீட்டுக்கு வீடு டிவிடி வந்துவிட்டதால் ரெங்கசாமி கொட்டகையை மூடிவிட்டுப் பராட்டாக் கடை வைத்தார். ஜைனப் அக்கா இப்போது தன் வீட்டு மாடியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறார். பிள்ளைகள் பன்னிரண்டு பேர், அதில் எட்டுப் பேர் பெண்கள்.